ஊருக்குப் போகச் சொல்லாதீர்

பிழைப்புக்காகப் பெங்களூருவில் குடியிருக்கும் தமிழ்ப் பெண், கணவனின் அடி உதையிலிருந்து பாதுகாப்புக் கேட்கச் சொந்த ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 27-வது பிரிவு இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. அவள் தற்காலிகமாக வசிக்கும் இடமானாலும் போதும். அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். அவர் பிறப்பிக்கும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். பெங்களூருவில் வாங்கிய உத்தரவைத் திருப்பத்தூரில் மீறினாலும் குற்றம் குற்றமே.

சட்டம் அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26-ந் தேதி. இன்றும் ஒரு போலீஸ் நிலையம் "கல்யாணம் நடந்த ஊரில் போய் எழுதிக் கொடு" என்று கைவிரிக்குமானால், அது கடமை தவறிய செயல். புகாருடன் வரும் பெண்ணுக்கு அவளது உரிமைகளை எடுத்துச் சொல்வது போலீஸ் அதிகாரியின் பொறுப்பு என்று 5-வது பிரிவு விதிக்கிறது.

கணவன்-மனைவி தகராறில் கோர்ட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்பு உத்தரவு யாரையும் எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்புவதில்லை. அடிக்காதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்த் தொல்லை கொடுக்காதே, வாடகை வீடானாலும் அவளை வெளியே தள்ளாதே என்று தடுப்பதே அதன் நோக்கம். மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜீவனாம்சம் தரத் தவறினால், முதலாளியே சம்பளத்திலிருந்து அதை நேரடியாக மனைவிக்குக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சம்பளத் தேதியன்று சாராயக் கடை வாசலில் காத்து நின்ற பெண்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மனு வந்தால் மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிவு என்பது சட்டத்தின் விருப்பம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா. கர்நாடகத்தில் அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரிகள் தலையிலேயே பாதுகாப்பு அதிகாரிப் பொறுப்பும் சுமத்தப்பட்டிருக்கிறது. இதற்கென்றே முழுநேர அதிகாரிகளை நியமிப்பதில் மாநில அரசு இனியும் தாமதிக்கலாகாது.

மொழிக் கஷ்டமும் சாதாரணமானதல்ல. கன்னடம் அறியாத பெண்ணின் வாக்குமூலத்துக்கு, கூட வந்த கணவனின் தம்பியே மொழிபெயர்ப்பாளராக நிற்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? எழுதியதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக் கூடாது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ் அமைப்புகள், இரு மொழியும் தெரிந்த பெண்களை இப்பணிக்கு அனுப்ப முன்வர வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்படத் தேவையில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். அவசர உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது.