2.26 கோடி ரெய்டரும் சில நிமிட சீசனும்

பொங்கல் சமயத்தில் கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் கபடி நடந்தால், வேடிக்கை பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ரெய்டர் எந்த ஊருப்பா?" என்பதுதான். கார்னரில் நின்று காலை வாரிப் பிடிக்கும் பையனை யாரும் விசாரிப்பதில்லை. புரோ கபடி ஏலத்திலும் இதே கதைதான்.

2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. லீக்கில் அதுவரை யாருக்கும் போகாத விலை. அப்போது ஓர் அணி மொத்தமாகவே 4.40 கோடிதான் செலவழிக்க முடிந்தது. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு! குஜராத்துடன் முதல் மேட்ச், ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் முழங்கால் போனது. அவருக்கு அத்தோடு சீசன் முடிந்தது.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். நரேந்தர் என்ற புதுப்பையன் அறிமுக சீசனிலேயே 243 ரெய்டு பாயின்ட் குவித்தார். 2017-ல் லீக்குக்கு வந்த தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியில் நின்றது.

அடுத்த ஏலத்தில் பவனை 2.605 கோடி கொடுத்துத் தூக்கியது தெலுங்கு டைட்டன்ஸ். இந்த முறை காயம் இல்லை. ரெய்டில் 200 பாயின்ட்டைத் தாண்டினார். அணியோ 22 மேட்ச்சில் இரண்டே வெற்றி, கடைசி இடம்.

அப்படியானால் பவன் சொதப்பினாரா? என்னைக் கேட்டால் இல்லை. கபடியில் ரெய்டர் அவுட்டானால் வெளியே உட்கார வேண்டும். சக வீரர்கள் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால்தான் உள்ளே வர முடியும். பிடிக்க ஆள் இல்லாத டீமில் கோடி ரூபாய் ரெய்டரும் பெஞ்சைத்தான் தேய்ப்பார். 5 கோடியில் 2.6 கோடி ஒருவருக்கே போனால், நல்ல கார்னரும் கவரும் எங்கிருந்து வாங்குவது? (வீட்டு பட்ஜெட் போடும் அம்மாக்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.)

தலைவாஸுக்கும் இது உறைக்கவில்லை. 2024-ல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி கொடுத்தும் ப்ளே ஆஃப் எட்டவில்லை. 2025 ஏலத்தில் பவன் மறுபடி தலைவாஸுக்கே வந்தார். இந்த முறை விலை 59.50 லட்சம்.