புதுச்சேரிச் சாவியும் கோவாப் பூட்டும்

பொத்தேரி நெடுஞ்சாலையோரம் சிறிது நேரம் நின்றால், புதுச்சேரிப் பேருந்துகள் சில நம்மைக் கடந்து போகும். அங்கே இன்று எல்லைச் சோதனை ஏதுமில்லை. பிரெஞ்சியர் சென்ற கதையைப் பேசத் தொடங்கினாலோ, படித்த நம்மவரும் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றனர். பொறுமையாகப் பேசியதால் இரத்தமின்றிப் புதுச்சேரி கிடைத்தது, கோவாவிலும் அவ்வாறே பொறுத்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. 1947-லேயே படையை அனுப்பியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பேன்.

இரத்தமின்றி என்பதே முதலில் தவறு. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டதை இவர்கள் எப்படி மறந்தனர்? பேச்சு கனிந்ததும் பொறுமையால் மட்டுமன்று. 1954 மார்ச்சில் முதலியார்பேட்டை உள்ளிட்ட நகராட்சிகள் இணைப்பைக் கோரின. பிரெஞ்சியர் பக்கம் நின்ற எதுவார் குபேரும் அணி மாறினார். மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூனில் பதவியேற்ற மெந்தேஸ் பிரான்ஸ், போவது உறுதி, போகும் விதமே பேசத்தக்கது என்ற நிலைக்கு வந்தார். பேச வேண்டிய வேளை அதுவே. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1956-இல் எழுதப்பட்டு, அல்ஜீரியப் போரினால் இழுபட்டு, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதனால் என்ன? சாவி கையில் இருந்தது. பத்திரம் பின்னர் வந்தது.

இதில் ஒரு குறையையும் நான் மறைக்க மாட்டேன். 1948 உடன்பாட்டின்படி முடிவைச் சொல்ல வேண்டியவர்கள் மக்கள். சந்தனநகரில் 1949-இல் அவர்களே வாக்களித்தனர். கீழூரில் பிரதிநிதிகளோடு நிறுத்திக்கொண்டது அவசரத்தின் விலை.

போர்த்துகல்லோ வேறு வகை. 1950 பிப்ரவரியில் இந்தியா பேச அழைத்தது. ஜூனில் பேசவே இயலாதென்ற மறுமொழி வந்தது. இங்கே நாம் கத்தோலிக்கர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த மாதமே, ஜூலை 18 அன்று, அதே லிஸ்பன் அரசு திருப்பீடத்தோடு உடன்பாடு செய்து, மயிலை ஆயரை முன்மொழியும் பதுருவாதோ உரிமையை விட்டுக்கொடுத்தது. இரண்டே ஆண்டில் சென்னையும் மயிலையும் ஒரே உயர் மறைமாவட்டமாயின. ஆகவே சலாசருக்குப் பேசத் தெரியாமலில்லை. ஆலய உரிமையைத் தரத் துணிந்தவர் மண்ணைத் தர மனமில்லாதிருந்தார். 1951-இல் கோவாவைக் "கடல்கடந்த மாகாணம்" என்று அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டார். தன் வீடு என்று சாதிப்பவனிடம் காலி செய்யும் நாளை எப்படிப் பேசுவது?

கிறிஸ்தவத்தைக் காக்கவே போர்த்துகல் நின்றது என்று இன்றும் முணுமுணுப்போர் உளர். 1955-இல் உரோமையில் பன்னிரண்டாம் பத்திநாதரைச் சந்தித்த நேரு, கோவா சமயப் பிரச்சினையன்று, அரசியல் பிரச்சினையே என்பதைத் திருத்தந்தையும் ஏற்றதாகத் தெரிவித்தார். கோவா விடுதலை இயக்கத்தின் தந்தை எனப்படும் திரிஸ்தாவ் பிரகான்சா குன்யாவும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவரே. அவரைத்தான் போர்த்துகல் பெனிச்சேக் கோட்டைச் சிறைக்கு அனுப்பியது.

நேருவின் பிழை பேச அழைத்ததன்று. 1953-இல் லிஸ்பன் தூதரகத்தை மூடிய பின்னரும் வேறு வழி வகுக்காமல் காத்திருந்ததே பிழை. 1955 ஆகஸ்ட் 15 அன்று எல்லை தாண்டிய சத்தியாக்கிரகிகளுள் இருபதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு மாண்டனர். அதன்பின் ஆறு ஆண்டுகள் காத்திருந்தது யார்? சிறையிலிருந்த கோவா மக்கள். குன்யா 1958-இல் கண்மூடினார். படை நுழைந்தது 1961 டிசம்பரில். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. இந்திய உரிமையை ஏற்று லிஸ்பன் கையெழுத்திட்டது 1974 டிசம்பர் 31 அன்று, சலாசர் இறந்து, அவர் நிறுவிய ஆட்சியும் கவிழ்ந்த பிறகே.