தாத்தாவின் குழி எண்

மாட்டுங்கா ரயில்வே பணிமனை 1915-இல் தொடங்கியது. அங்கே வேலைக்கு வந்து பம்பாய் மண்ணிலேயே அடங்கிப்போன தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்கு இன்று கல்லறை இல்லை. விக்டோரியா டெர்மினஸை வடிவமைத்து 1900-இல் இறந்த எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸுக்கு சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் கல் உண்டு. ரயில்பெட்டி பழுதுபார்த்தவருக்கு ஏது? விலைக்கு வாங்காத குழியைச் சில ஆண்டுகளில் மறுபடி தோண்டி வேறொருவரை அடக்குவது இடமில்லாத இந்நகரின் வழக்கம். எனவே பேரப்பிள்ளைகள் கல்லைத் தேடி வெயிலில் அலைவதைவிட ஏட்டைத் தேடுவது மேல். முதலில் மாநகராட்சி வார்டு அலுவலகத்தின் இறப்புப் பதிவு, பிறகு பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு. தொட்டால் ஓரம் உதிரும் தாளில் ஒற்றை வரிதான் இருக்கும். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். வயதையும் தகப்பன் பெயரையும் ஒத்துப் பார்த்தால் ஆள் அகப்படுவார். இந்த ஏடுகள் கரையான் வாய்க்குப் போகுமுன் படமெடுத்துப் பொதுவில் வைப்பது மாநகராட்சிக்கும் திருச்சபைகளுக்கும் கடமை. அப்பாவை அடக்கிய இடம் தெரியாத எண்பது வயதுப் பெண்கள் தாராவியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.