டிபன் பாக்ஸ் தூக்க வெட்கப்படாதீங்க

1/ கடலூர், சிதம்பரம் பக்கம் வேலைக்குப் போற எல்லாருக்கும் இந்த இழை. மத்தியானம் ஹோட்டல்ல வயிறு முட்ட சாப்பிட்டுட்டு, ராத்திரி ஒரு சுகர் மாத்திரை போட்டா கணக்கு நேராயிடும்னு நினைக்கிறீங்க. ஆகாது. கொஞ்சம் நீளமான பதிவு, முழுசா படிங்க.

2/ ஓபியில தினமும் கேட்கிற வசனம்: "டாக்டர், வீட்ல கட்டுப்பாடாத்தான் இருக்கேன். மத்தியானம் மட்டும்தான் வெளியில." அந்த 'மட்டும்' மாசத்துக்கு 25 வேளை, வருஷத்துக்கு 300 வேளை. எச்பிஏ1சி காட்டுறது மூணு மாச சராசரி. டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாத்த முடியாது.

3/ 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நாட்டு சராசரி 11.4%. நமக்குப் பக்கத்துல இருக்கிற புதுச்சேரியில 26.3%. நாலு பேர்ல ஒருத்தர்! இது யாரோ ஒருத்தர் பிரச்சினை இல்லீங்க.

4/ ஹோட்டல் சாப்பாட்டுல என்ன நடக்குது? சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, வத்தக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு, மோருக்கு. வெந்த சோறு 100 கிராம்ல சுமார் 28 கிராம் மாவுச்சத்து. சோறு கேட்டா அன்னக்கரண்டியில வரும். பொரியல் கேட்டா ஒரு ஸ்பூன் வரும். காசு குடுத்தது நீங்க, விகிதத்தை முடிவு பண்றது அவங்க.

5/ எண்ணெய். ஒரு மேசைக்கரண்டியில 120 கலோரி. பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் 25%-ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. உங்க இலையில விழுந்த அப்பளம் எத்தனையாவது சூட்டுல பொரிஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

6/ உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம்னு ஒரே வேளையில அதுல பெரும்பகுதி முடிஞ்சா, பிபி மாத்திரை பாவம் என்ன பண்ணும்?

7/ ஹோட்டல்காரர் மேல எனக்குக் கோபம் இல்லை. நீங்க கேட்கிற விலையில ருசி குடுக்கணும்னா எண்ணெயும் உப்பும்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அவர் தொழிலைப் பார்க்கிறார். உங்க கணையத்தைப் பார்க்க வேண்டியது நீங்க.

8/ "டாக்டர், வீட்ல கட்டித் தரமாட்டேங்குறாங்க." இதுக்குத்தான் எனக்குக் கோபம் வரும். சுகர் உங்களுக்கு, சமையல் மட்டும் அவங்களுக்கா? அவங்களும் வேலைக்குப் போறாங்க. ராத்திரியே காய் நறுக்கி வைங்க, பயறு ஊற வைங்க. காலையில உங்க டப்பாவை நீங்களே கட்டுங்க. முடிஞ்சா அவங்களுக்கும் சேர்த்து.

9/ ஓட்ஸ், கீன்வா எதுவும் வேண்டாம். டப்பாவில பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பயறு, முட்டை அல்லது மீன். அவ்வளவுதான். கடலூர்ல இருந்துகிட்டு புரோட்டீன் பவுடர் வாங்குறவங்களே, துறைமுகத்துல மத்தி இருக்கு! வஞ்சிரம்தான் மீன்னு யார் சொன்னது? பொரிக்காம குழம்பா வைங்க. முருங்கைக்கீரை பல வீட்டுக் கொல்லையிலேயே நிக்குது.

10/ சிதம்பரத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் உங்க ஊர் சாப்பாடு. சாதத்தைக் குறைச்சு, எண்ணெயை அளந்து, கொத்சுவை நிறைய வைங்க. கூட ஒரு கிண்ணம் சுண்டல். இதைவிட நல்ல டப்பாவை நான் எழுதித் தர முடியாது.

11/ டப்பா கட்டினா மட்டும் போதாது. புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல், மேல அப்பளம் வச்சா, அது ஹோட்டல் சாப்பாட்டை வீட்ல செஞ்ச மாதிரிதான். மாவுச்சத்துக்குத் தொட்டுக்க மாவுச்சத்து!

12/ நம்ம ஊர் புழுக்கத்துல கவனம் தேவை. ராத்திரி வெளியில வச்ச சோத்துல பேசில்லஸ் சீரியஸ்ங்கிற கிருமி நஞ்சை உண்டாக்கலாம். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. காலையில வடிச்ச சோறு, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பா, தேங்காய்ச் சட்னி வேண்டாம். கொதிக்கிற சாம்பாரை பிளாஸ்டிக் கவர்ல வாங்குற பழக்கத்தையும் விடுங்க. 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டுல தடை பண்ணின சமாச்சாரம் அது.

13/ இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க, இதைப் படிச்சுட்டு மத்தியானச் சாப்பாட்டையே விட்டுடாதீங்க. சுகர் தாழ்ந்து மயக்கம் வரும். சாப்பாட்டு அளவைக் குறைக்கும்போது மருந்தையும் மாத்த வேண்டி வரலாம். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க கீரை, பருப்பு அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

14/ முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் சாப்பிட அறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆனா பல ஜவுளிக்கடைப் பெண்கள் இன்னைக்கும் மாடிப்படியில உட்கார்ந்து, மூட்டைக்கு நடுவுல டப்பாவைத் திறக்கிறாங்க. ஒரு மேஜை, கை கழுவக் குழாய், அரை மணி நேரம். இதுகூடத் தராம மருத்துவ முகாம் நடத்தி போட்டோ போடாதீங்க.

15/ முழுசா மாறச் சொல்லலை. வாரத்துல மூணு நாள் டப்பா எடுத்துட்டுப் போங்க. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. மாத்திரையைக் கூட்டுறதா, அப்படியே விடுறதான்னு அப்புறம் பேசுவோம். நாளைக்குக் காலையில அலாரத்தை அரை மணி முன்னாடி வைங்க.