மருந்துக்குக் காட்டிய கவனம்

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் மாத்திரையும் கஷாயமும் அப்புறம்தான் நினைவுக்கு வரும். சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் மருந்து என்றால் வெடிமருந்து. "மருந்து காயுது, தள்ளிப் போ", "இன்னைக்கு மருந்தறையில யாரு?" என்றுதான் பேச்சு இருக்கும். உணவே மருந்து என்று யாராவது மேடையில் முழங்கினால் எங்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடும்.

அந்த மருந்துக்கு எத்தனை மரியாதை! இரும்புச் சாமான் கிட்டே வரக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்க வேண்டும். ஈரம் படக் கூடாது, கலந்ததை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. காலையில் வாசலிலேயே நிறுத்திச் சட்டைப்பையையும் மடியையும் பார்ப்பார்கள். தீப்பெட்டி இருக்கா, பீடி இருக்கா, செல்போன் இருக்கா?

இந்த விதிகளை நாங்கள் மீறாதவர்கள் அல்ல. மீறியதற்கு என்ன விலை என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே பகலில் போயின. இருந்தாலும் விதி என்ன என்பதாவது எங்கள் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். வாய்க்குள் போகிற பொருளுக்கு எங்களிடம் விதியும் இல்லை, கணக்கும் இல்லை. மருந்துக்குக் காட்டிய கவனத்தில் ஒரு துளியை வயிற்றுக்குக் காட்டவில்லை. 22 வருஷம் ஒரு பட்டாசு ஆபீசில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இந்தக் குற்றச்சாட்டில் என் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி இல்லை. பட்டாசுத் தொழிற்சாலையும் தீப்பெட்டித் தொழிற்சாலையும்தான் ஆபீஸ்.

காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி வண்டி ஊர் முக்கில் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் ஒரு பெண் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஒரு குழம்பு கூட்டி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தன் தூக்குச்சட்டியையும் நிரப்பியாக வேண்டும். அவள் வயிற்றுக்குள் போவது ஒரு டம்ளர் டீ. அடுத்த சாப்பாடு பதினோரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவள் என்றால் பதினைந்து மணி நேரத்துக்கு ஒரு டீ.

உடம்பின் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம். உடம்பு செலவழிக்கும் சக்தியில் அது எடுத்துக்கொள்வது 20 சதவீதம். கை சும்மா இருந்தாலும் அதற்குத் தீனி வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கினால் முதலில் தடுமாறுவது அதுதான். தண்ணீர் குறைந்தாலும் அப்படியே. உடல் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் நீர் வற்றினாலே கவனம் மங்கத் தொடங்குகிறது. எங்கள் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தாகம் இல்லாததால் அல்ல. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் தூரம், அந்த இடமும் சுத்தமில்லை, போய் வரும் நேரத்துக்குக் கூலியும் இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காலையிலிருந்து மாலை வரை ஒரு பாட்டில் தண்ணீரை மிச்சம் வைத்துத் திரும்புகிறவர்களை நான் தினமும் பார்த்தேன். மிச்சம் வைக்கிறார்களே என்று தோன்றியதே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் சரம் பின்னுகிற ஒரு அக்காவிடம், "சாப்பிட்டுட்டு வந்து பின்னுங்களேன், மணி ஒண்ணாச்சே" என்றேன். "உக்காந்து சாப்பிட்டா அஞ்சு சரம் கொறஞ்சிரும் அண்ணாச்சி" என்றார். உருப்படிக்குக் கூலி. சோற்றுக்கு ஆகும் ஒவ்வொரு நிமிஷமும் காசு. அன்றைக்குச் சாயங்காலம் அவர் பெயருக்கு நேரே சரக் கணக்கை எழுதியது நான்தான். என் பேரேட்டில் குரோஸ் இருந்தது, பண்டல் இருந்தது, முன்பணம் இருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் இல்லை.

அவர் சாப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் அலுமினியத் தூள் வெள்ளிபோல மின்னும். வெறும் தண்ணீரில் கையை நனைத்து, சேலையில் துடைத்து, அதே கையால் பிசைவார். கை கழுவ வசதி, 150 பேருக்கு மேல் வேலை செய்தால் உட்கார்ந்து சாப்பிடத் தனி அறை, 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. பக்கத்துப் பக்கத்தில் சிறு சிறு ஆபீசாக நடத்தினால் அந்த எண்ணிக்கையே வராது என்பதும் எங்களுக்குத் தெரிந்த கணக்குதான். சோப்புக்கு எண்ணிக்கை தேவையில்லையே! ஒரு கட்டி சோப்பு வாங்கி வைக்கச் சொல்லி முதலாளியிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் ஒரு வார்த்தை தவறாமல் வரும்: உராய்வு. அளவுக்கு மீறி மருந்து வைத்திருந்தார்களா, உரிமத்தைக் கைமாற்றி விட்டிருந்தார்களா, அறையில் எத்தனை பேர் என்று பிறகு விசாரணை நடக்கும். நடக்க வேண்டியதுதான், குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கை காலையில் சாப்பிட்டிருந்ததா, இரவு எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தது, தண்ணீர் குடித்து எவ்வளவு நேரமானது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. விரல் நுனியில் கவனம் பிசகினால் உயிர் போகிற தொழிலில், அந்தக் கவனம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் மூன்று தலைமுறையை ஓட்டிவிட்டோம்.

பிள்ளைகளிடம் செய்தது இதைவிடப் பெரிய பாவம். எண்பதுகளில் விடியுமுன்னே வந்த கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது பெரியவர்களை மட்டுமல்ல. எட்டு வயதும் பத்து வயதும் ஆனவர்களைத் தூக்கக் கலக்கத்தோடு தூக்கி உட்கார வைத்தோம். தீக்குச்சிக் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்தான் தோது என்றோம். வளர்கிற மூளை தூக்கத்தில்தான் படித்ததைப் பதிய வைத்துக்கொள்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்போம் என்பதுதான் உண்மை. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தப் பிள்ளைகள் ஒழுங்காக வளர வேலை நேரத்தில் அடிப்படை உணவும் மருத்துவ கவனிப்பும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. டெல்லியில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளுக்குத் தோன்றியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தோன்றவில்லை. 1996-இல் வந்த அடுத்த தீர்ப்புக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அன்று பஸ்ஸில் தூங்கி விழுந்தவர்களுக்கு இன்று ஐம்பது வயது. அவர்களில் பலர் இன்னும் அதே ஆபீசில்தான் இருக்கிறார்கள்.

இத்தனையும் நடந்தது எந்த மண்ணில்? வெறும் வயிறோடு உட்கார்ந்தால் பாடம் ஏறாது என்று புரிந்துகொண்டு, 1956-இல் மதிய உணவைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன காமராசர் 1903-இல் பிறந்தது எங்கள் விருதுநகரில். அவர் சிலைக்கு வருஷம் தவறாமல் மாலை போடுகிறோம். 2022-லிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. வேறு பள்ளிக்கு வேனில் போகும் எங்கள் பேரப்பிள்ளையோ காலையில் அரை டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும், இடைவேளைக்கு ஒரு பொட்டலம் காராச்சேவும் கொண்டு போகிறான். அவன் படிக்கவில்லை என்று டியூஷன் வைக்கிறோம்.

இனி உப்பு ஜாடிக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் குழம்புக்குக் கல் உப்புதான். தூத்துக்குடி பக்கம்தானே! மூட்டையாக வண்டியில் வரும், படி கணக்கில் அளந்து போடுவார்கள். "பொடி உப்பு கரிக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி அளந்து போட்ட உப்பில் அயோடின் உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. 2018–19-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைச் சாப்பிடும் வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே நாம்தான் கடைசி. உப்பு விளைகிற கடற்கரையை வைத்துக்கொண்டு!

அயோடின் என்றால் கழுத்தில் வீங்குகிற கழலைதான் என்று நினைத்திருந்தோம். அதைவிடப் பெரிய விஷயம் கர்ப்பத்தில் இருக்கிறது. குழந்தையின் மூளை உருவாகத் தைராய்டு சுரப்பு வேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு இல்லை, தாயிடமிருந்துதான் வர வேண்டும். தாயின் சுரப்பிக்கு அயோடின் இல்லாவிட்டால் அந்த இழப்பைப் பிறகு எந்த டியூஷனாலும் ஈடுகட்ட முடியாது.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பட்டாசில் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் உப்புகளில் ஒன்று பெர்குளோரேட். தண்ணீரில் சட்டென்று கரையும், கொதிக்க வைத்தாலும் போகாது. தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழைகிற வாசலில் இது போய் நின்றுகொண்டு வழியை மறிக்கும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஜப்பானிய, இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து சிவகாசி, மதுரைப் பகுதிகளில் 60 நிலத்தடி நீர் மாதிரிகளைச் சோதித்தார்கள். மற்ற இடங்களைவிடப் பட்டாசு ஆலைப் பகுதியில் பெர்குளோரேட் மிக அதிகம். சிவகாசி மாதிரிகளில் 17 சதவீதம் அமெரிக்கா வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. மனித உடல்நலத்துக்கு என்ன ஆகிறது என்று மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லி ஆய்வு முடிந்தது. ஆகவே இத்தனை பேருக்கு இந்த நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தட்டில் அயோடின் குறைவு, தண்ணீரில் அதை மறிக்கும் பொருள். இரண்டும் சேர்ந்த இடத்தில் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கிணற்றைச் சோதிக்கச் சொல்லி நாங்கள் ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. சம்பளம் பாக்கி என்றால் கலெக்டர் ஆபீஸ்வரை போகத் தெரிந்தவர்கள்தான்.

ஜாடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அயோடின் உப்பே வாங்கினாலும் ஈரத்திலும் சூட்டிலும் வெயிலிலும் அயோடின் மெல்ல வெளியேறிவிடும். வெடிமருந்தை ஈரத்திலும் சூட்டிலும் வைக்கக் கூடாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நாங்கள், உப்பு ஜாடியை அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் வைத்திருந்தோம். என் வீட்டிலும் அப்படித்தான்.

சனிக்கிழமை கூலி நாள். அன்றைக்கு இரவு விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு நிகர் ஏது? வாரத்துக்கு ஒரு நாளாக இருந்தவரை அது திருவிழா. இப்போது அலுத்து வந்த எல்லா இரவுகளிலும் பரோட்டாப் பொட்டலம்தான். நல்லெண்ணெய்க்கும் பருப்புக்கும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தமிழ்நாடே பார்க்கும். நல்ல எண்ணெயை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்ததை நாங்கள் வாங்கித் தின்கிறோம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சால்னா, ஊறுகாய், சேவு என்று எங்கள் கணக்கு எங்கேயோ போய்விட்டது. எனக்கு ஐம்பதில் ரத்த அழுத்தம் வந்தது. அது மூளையின் மெல்லிய குழாய்களைச் சேதப்படுத்தும், பக்கவாதத்திலும் மறதியிலும் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் சொன்னபோது, ஆபீசில் பாதியில் நின்றுபோன எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. 'காத்து அடிச்சிருச்சு' என்று சொல்லி அவர்களைக் கடந்துபோயிருந்தோம்.

அந்தக் காலத்துக் கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் என்று ஏங்கவும் எனக்கு உரிமை இல்லை. எங்கள் பாட்டிகள் அதைக் குடித்தது ஆரோக்கியத்துக்காக அல்ல, அரிசி வாங்கக் காசில்லாததால். வெஞ்சனம் என்று ஒரு வெங்காயமும் வற்றல் மிளகாயும் இருந்தால் பெரிசு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கும்பாவில் மிஞ்சியதைக் குடித்தவளுக்கு அன்றும் ரத்தமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தானியம் மாறியிருக்கிறது. கடைசியில் சாப்பிடுகிற ஆள் மாறவில்லை. சாப்பிட்ட கையோடு ஒரு டீயும் குடித்து, கீரையிலும் பயறிலும் கிடைத்த கொஞ்சம் இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் செய்கிறாள். அதைச் சொல்ல வேண்டிய நாங்கள் அந்த டீக்குக் காசு கொடுத்தோம், பெருமையாக.

தமிழ்நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும், தெருவில் யாரைப் பார்த்தாலும் முதலில் காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், சாவு வீட்டிலும் கேட்பார்கள். 22 வருஷம் அந்த ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறேன். தீப்பெட்டி இருக்கா, பீடி இருக்கா, செல்போன் இருக்கா என்று சோதித்துவிட்டு உள்ளே அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள்கூட, ஒருவரிடம்கூட, "சாப்ட்டியா தாயி?" என்று கேட்டதில்லை.