மூன்றாவது ஐம்பது மீட்டர்

பிராயம் முப்பதைக் கடந்த பின்பும் போட்டி நீச்சலில் ஈடுபட்டிருப்பவர்களிடம், எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் தயங்குவீர்கள் என்று கேட்டால், அவர்களில் மிகப் பலர் 200 மீட்டர் பட்டர்ஃபிளையைத்தான் சொல்வார்கள். 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல் நீளமானது. ஆயினும் அதில் களைத்துப்போனவர் வேகத்தைத் தணித்துக்கொண்டு, மூச்சைச் சீராக்கிக்கொண்டு, எப்படியாவது முடித்துவிடலாம். பட்டர்ஃபிளையில் அந்தச் சலுகை கிடையாது. இரு கைகளும் ஒரே சமயத்தில் நீருக்கு மேலாக முன்னே வரவேண்டும். கால்கள் ஒருங்கே அசையவேண்டும். திரும்பும் இடத்திலும் முடிவிலும் இரு கைகளும் ஏககாலத்தில் சுவரைத் தொடவேண்டும். இவற்றில் ஒன்று பிறழ்ந்தாலும் அதுவரை பட்ட சிரமமெல்லாம் கணக்கில் சேராமற் போகும். மார்பு நீச்சலின் விதிகளுக்குள்ளேயே வளர்ந்து, 1952-ல் அதனின்றும் பிரிக்கப்பட்டு, 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகத் தனிப் பந்தயமாக அரங்கேறிய இந்த நீச்சலில், பெண்களுக்கு 200 மீட்டர் தூரம் 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் சேர்க்கப்பட்டது என்பதை நினைத்தால், இதன் கடுமையைப் பற்றி அதிகாரிகளுக்கே எத்தகைய எண்ணம் இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய பந்தயத்தைக் கண்டு நாற்பது வயதுக்காரர் ஒருவர் அஞ்சுவாரானால், அதைக் கோழைத்தனம் என்று கூறுவது நியாயமாகாது. சிறுவர்களும் பந்தயத்துக்கு முன் அஞ்சுகிறார்கள். ஆனால் அவர்களுடைய அச்சம் பெரும்பாலும் பயிற்சியாளரின் கோபத்தைப் பற்றியதாகவோ, பக்கத்து லேனில் நிற்கும் போட்டியாளரைப் பற்றியதாகவோ இருக்கிறது. நீரில் குதித்தவுடன் அது கலைந்தும் விடுகிறது. வயது வந்தவரின் அச்சம் வேறு வகையானது. அவருக்குத் தம் சரீரம் எங்கே கைவிடும் என்பது தெரியும். ஒருமுறை கைவிட்டபோது எப்படி இருந்தது என்ற ஞாபகமும் உண்டு. அலுவலகத்திலும் குடும்பத்திலும் தேர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர், பலர் பார்த்திருக்கக் கடைசியாக வருவதை எண்ணிக் கூசுவதும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, நம் நீச்சல் குளங்களின் கரையில் அடிக்கடி கேட்கிற “பயப்படாதீர்கள் சார், தைரியமாகக் குதியுங்கள்” என்ற உபதேசத்தால் அவருக்கு எள்ளளவும் பிரயோஜனமில்லை என்றே நான் கருதுகிறேன். அவருடைய அச்சத்தில் பாதி, அறிவு. அறிவைத் தைரியத்தால் அகற்ற முடியாது. அதைவிட நுட்பமான அறிவினால்தான் அதற்கு விடை சொல்ல முடியும்.

அந்த அச்சம் எதைப் பற்றியது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஐம்பது மீட்டர் குளத்தில் இந்தப் பந்தயம் நான்கு நீளங்கள். முதல் நீளம் யாருக்கும் சுகமாகவே இருக்கும். பிராணவாயுவை எதிர்பாராமல் உடனே செலவிடக்கூடிய சக்தி தசைகளில் சிறிது சேமிப்பாக இருக்கிறது. குதித்த வேகமும் கைகொடுக்கிறது. இரண்டாவது நீளத்தில் உழைப்பு தெரியத் தொடங்கும். மூன்றாவதில்தான் விபரீதம். பட்டர்ஃபிளையில் ஒவ்வொரு கைவீச்சுக்கும் இரண்டு உதைகள் உண்டு: கைகள் நீரில் புகும்போது ஒன்று, நீரைப் பின்னே தள்ளிவிட்டு வெளியேறும்போது மற்றொன்று. களைப்பு வந்ததும் முதலில் மறைவது இந்த இரண்டாவது உதை. அது மறைந்தால் இடுப்பு தாழ்கிறது. இடுப்பு தாழ்ந்தால் உடல் நீரை எதிர்த்து நிமிர்கிறது. அப்புறம் கைகளை நீருக்கு மேலே எடுப்பதற்குத் தோள்களுக்கு இரட்டிப்பு உழைப்பு. மேலும், இந்த நீச்சலில் உடலின் வேகம் ஒவ்வொரு வீச்சுக்குள்ளேயும் ஏறி இறங்குவது. ஆகையால் மெதுவாகப் போகிறவர் இளைப்பாறுகிறார் என்பதற்கில்லை, ஒவ்வொரு வீச்சிலும் ஏறத்தாழ நின்றுவிட்டு மறுபடி புறப்படுகிறார். சுவர் இன்னும் இருபது மீட்டர் தூரத்தில் இருக்கும்போது கைகள் நீரைவிட்டு எழ மறுக்கின்ற அந்த நிலையை ஒருமுறை அனுபவித்தவருக்கு, அடுத்த முறை பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைவதில் வியப்பில்லை.

மூச்சைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பலர் அறியாத விஷயம் இது. நீருக்குள் முகம் இருக்கையில் மூச்சுக்குத் தவிக்கிற தவிப்பு, பிரதானமாகப் பிராணவாயு குறைந்ததனால் எழுவதன்று. இரத்தத்தில் கரியமிலவாயு பெருகுவதனால் எழுவது. அஞ்சுகிறவர் இயல்பாகவே மூச்சை உள்ளே அடக்கிக்கொள்கிறார். அடக்கியதனால் தவிப்பு விரைவாக வருகிறது. தவிப்பு வந்ததும் தலையை உயரத் தூக்குகிறார். தலை உயர்ந்ததும் இடுப்பு தாழ்கிறது. இவ்வாறு, மூன்றாவது நீளத்தில் வரவேண்டிய துன்பத்தை முதல் நீளத்திலேயே வரவழைத்துக்கொள்கிறார். முகம் நீரில் இருக்கும் பொழுதெல்லாம் இடைவிடாமல் மெல்ல மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருப்பதும், கைகள் நீரை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன்னதாகவே முகவாயை எழுப்பி, கைகள் முன்னே வந்து விழுவதற்குள் முகத்தைத் திருப்பி வைத்துவிடுவதும் பார்வைக்கு அற்பமான காரியங்கள். இவ்விரண்டும் பழகிவிட்ட நீச்சல்காரருக்கு அச்சத்தில் பெரும் பகுதி தானாகவே நீங்கிவிடுகிறது. ஏனெனில் அவர் எதற்கு அஞ்சினாரோ அது இப்போது அவருக்கு நேர்வதில்லை.

ஐம்பதை நெருங்கும் பிராயத்தில் இந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் உதவியது, முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் நீந்தப் பார்க்கும் வீரப் பிரயத்தனம் அன்று. என் பயிற்சியாளர் 200 மீட்டரை நான்கு ஐம்பதுகளாக உடைத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் பத்து விநாடி சுவரைப் பிடித்து நிற்கச் செய்து, மொத்த நேரத்திலிருந்து அந்த ஓய்வைக் கழித்துக் கணக்கிடுவார்; வாரங்கள் செல்லச் செல்லப் பத்து விநாடி ஐந்தாகும். வேறு சில நாட்களில், ஃப்ரீஸ்டைலில் 100 மீட்டரைக் கடுகி நீந்தச் சொல்லி, தோள்கள் கனத்து மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தறுவாயிலேயே பட்டர்ஃபிளையில் ஓர் ஐம்பது நீந்தச் சொல்வார். நான் அஞ்சிக்கொண்டிருந்த மூன்றாவது நீளத்தைத் தனியே பெயர்த்தெடுத்து எனக்குப் பரிச்சயமாக்கிவிட வேண்டும் என்பதே அவருடைய யுக்தி. கழனிக்கு நீர் பாய்ச்சுகிறவன் மடை உடைவதற்குக் காத்திராமல் கரையில் பலமற்ற இடத்தைத் தேடிப்பிடித்து மண் போடுவதைப் போன்ற காரியம் அது. பந்தயத்தன்று அச்சம் வராமலில்லை. ஆனால் அது இன்ன இடத்தில் வரும், வந்தால் இரண்டாவது உதையை நினைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிச்சயம் அதனுடன் கூடவே வந்தது.

உலகத்தின் தலைசிறந்த நீச்சல் வீரருக்கும் இந்தப் பந்தயத்தில் துணை நின்றது இத்தகைய நுண்மையான பழக்கமே. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் பந்தயத்தில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் நீர் புகுந்துவிட்டது. கடைசிப் பகுதியில் அவருக்குச் சுவரே தெரியவில்லை. ஒரு நீளத்துக்குத் தமக்கு எத்தனை வீச்சுகள் தேவை என்பது பழக்கத்தினால் அவருக்குத் தெரிந்திருந்தது. அவற்றை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் புதிய உலக சாதனையுடன் சுவரைத் தொட்டார். இதை அசாதாரணமான மனோதைரியம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கோ அது எண்ணிக்கையின் வெற்றியாகவே தோன்றுகிறது. அந்த எண்ணிக்கை நம் எவருக்கும் எட்டாததன்று.

நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. கேரளத்தில் பிறந்து, விளையாட்டு வீராங்கனையான தாயின் பணி நிமித்தம் நம் நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், கழுத்து முள்ளெலும்புகளின் இடைத்தட்டில் ஏற்பட்ட கோளாறினால் நீந்துவதே சந்தேகம் என்ற நிலையிலிருந்து மீண்டு, 2021 ஜூன் மாதத்தில் ரோம் நகரில் இதே 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெறுவதற்குரிய ‘ஏ’ அளவு 1 நிமிடம் 56.48 விநாடி. அந்த அளவை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவரே. இடையிலிருந்தது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அவருக்கு அப்போது வயது 27. தோள்களையும் கழுத்தையும் ஒருசேர வருத்துகிற இந்தப் பந்தயத்துக்கே, கழுத்துக் கோளாறு கண்ட ஒருவர் திரும்பி வந்தார் என்பதை, விளையாட்டுப் பக்கத்தில் ஒருநாள் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடலாகாது.

இனி, கடைசியாக வருவதற்குக் கூசும் அந்தக் கூச்சத்தைப் பற்றி. முதிர்ந்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் நீச்சல் என்ற ஏற்பாடு, அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ரான்ஸம் ஆர்தர் என்பவருடைய தூண்டுதலால் 1970-ல் டெக்சாஸ் மாகாணத்து அமரிலோ நகரில் முதல் போட்டியாக உருவெடுத்தது. வயது வந்தவர்கள் உடலைப் பேணுவதற்கு ஒரு குறிக்கோள் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இன்று உலகப் போட்டிகளில் 25 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டிலும் இந்திய நீச்சல் சம்மேளனம் தேசிய மாஸ்டர்ஸ் போட்டிகளை நடத்திவருகிறது. விதிகளை வகுத்தவர்களும் தாட்சண்யம் உள்ளவர்களே: மேடையிலிருந்து குதிக்க இயலாதவர் நீரில் நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு புறப்படலாம், பட்டர்ஃபிளையிலே மார்பு நீச்சலின் உதையைப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. எண்பது வயதுக்கு மேல் முழங்கால் சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கிய ஜப்பானிய மாது மியேகோ நாகவோகா, 2015-ல் தமது நூறாவது வயதில் 1500 மீட்டர் தூரத்தை மல்லாந்த நிலையிலேயே நீந்தி, 1 மணி 15 நிமிடம் 54 விநாடியில் முடித்தார். அவரை யாரும் மந்தம் என்று சொல்லவில்லை. நூறு வயதினருக்கான பிரிவில் அந்தத் தூரத்தை அவருக்கு முன் எவரும் நீந்தியதில்லை. கடைசியாக வருவதில் அவமானம் உண்டு என்ற எண்ணத்தைப் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களிலிருந்து நாம் சுமந்துகொண்டு வந்திருக்கிறோம். நாற்பது வயதிலும் அதை இறக்கி வைக்காதிருப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

எனினும், எல்லா அச்சத்தையும் வென்றுவிட வேண்டும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். நீந்தும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு இவை தோன்றினால் அதைப் பந்தய பயம் என்று ஒதுக்கிவிட்டு மேலே செல்வது அவிவேகம். கரையேறி வைத்தியரைப் பார்க்கவேண்டும். பல ஆண்டுகள் நீரைவிட்டு விலகியிருந்து திரும்பி வருகிறவர்கள் பரிசோதனை செய்துகொள்ளாமல் நெடும்பந்தயத்தில் இறங்கலாகாது. அச்சத்தை விசாரித்துப் பார்க்கவேண்டும் என்று நான் கூறுவதன் தாத்பரியமும் இதுதான்: அது சொல்வதில் எது உண்மை, எது வெறும் கூச்சம் என்று பிரித்தறியாமல் அதை அதட்டி அடக்குகிறவர், கேட்கவேண்டிய எச்சரிக்கையையும் சேர்த்து அடக்கிவிடுகிறார்.

நம் பயிற்சியாளர்களுக்கும் போட்டி அமைப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. முதியோர் பிரிவுக்கு 50 மீட்டரும் 100 மீட்டரும் போதும் என்று எண்ணிவிடாமல், நெடிய பந்தயங்களையும் நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். ஒருவரே பெயர் கொடுத்திருந்தாலும் அவருக்காக அந்தப் பந்தயத்தை நடத்துங்கள். 200 மீட்டர் பட்டர்ஃபிளைக்கும் அதே நீச்சல்காரர்கள் கலந்துகொள்ளும் அடுத்த பந்தயத்துக்கும் இடையே போதிய அவகாசம் விடுங்கள். பயிற்சி நேரத்தில் குழந்தைகளுக்கு ஒதுக்கும் லேன்களில் ஒன்றையேனும் வேலைக்குச் செல்பவர்களுக்கு விடியற்காலையில் ஒதுக்கிக் கொடுங்கள்; மூன்றாவது நீளத்தைப் பழகுவதற்கு இடமே இல்லாதவரிடம் அச்சத்தை விட்டொழிக்கச் சொல்லிப் பயனில்லை. பந்தயத்தன்று முதலாவதாக வருபவர் முடித்த கையோடு ஒலிபெருக்கியில் அடுத்தவர்களின் பெயர்களை அழைக்கத் தொடங்கிவிடாதீர்கள். இன்னும் ஒரு நீளம் பாக்கியிருக்கும் முதியவரின் காதில் அது விழும். கடைசி லேனில் வருபவர் இரு கைகளாலும் சுவரைத் தொட்டு, அவருடைய நேரமும் ஏட்டில் பதிவாகும் வரையில், அடுத்த பந்தயத்துக்கு விசில் ஊதலாகாது என்பதை ஒரு நியமமாகவே எழுதி வையுங்கள்.