புது டிஸ்க் போடலாம்… பழசில் என்ன இருக்கிறது?

கும்பகோணத்தில் அந்த வீட்டு லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, அடுப்பில் பால் வைத்து, டீ போட்டு, ஆற்றிக் குடித்துவிட்டு வரலாம். திரையில் அப்போதும் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

2018-ல் அக்கா பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் அது. அவள் கல்லூரியை அதிலேயே முடித்து, ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள். இப்போது தம்பி பி.காம். முதலாண்டு. டாலி கற்றுக்கொள்ள வேண்டும், அசைன்மென்ட் அடிக்க வேண்டும். ஒரு எக்ஸெல் ஃபைலைத் திறக்கச் சொன்னால் லேப்டாப் பெருமூச்சு விடுகிறது. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, “அதை ஏன்டா போட்டுப் படுத்துற, பாவம்” என்பார்.

பெரிய கடை ஒன்றில் காட்டினார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. “இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். புதுசு 30,000 ரூபாயிலிருந்து இருக்கு, இ.எம்.ஐ. போட்டுத் தர்றோம்.” ப்ளவுஸ் தைக்கும் கூலியில் 30,000 ரூபாய் என்றால் எத்தனை ப்ளவுஸ் என்று அம்மா கணக்குப் போட்டுக்கொண்டே வீடு திரும்பினார்.

அடுத்து போனது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன சர்வீஸ் கடை. மெக்கானிக் லேப்டாப்பை ஆன் செய்தார், காதை அருகில் வைத்துக் கேட்டார், பிறகு சொன்னார்: “மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஹார்டு டிஸ்க்தான் இழுக்குது. எஸ்.எஸ்.டி. போட்டா ஓடும்.”

அவர் சொன்னது பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கும் பொருந்தும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளே பளபளவென்று ஒரு தட்டு இருக்கும். நிமிடத்துக்கு 5,400 முறை அது சுற்ற, கிராமபோன் ஊசி போல ஒரு சின்னக் கை அதன் மேல் இங்கும் அங்கும் ஓடித் தகவலைத் தேடி எடுக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் செகண்டில் நூறில் ஒரு பங்கு நேரம், சில சமயம் அதற்கும் மேல். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் விண்டோஸ் எழுந்து உட்காரும்போது இப்படி ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னத் தேடல்கள். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை; பென் டிரைவ் போல எல்லாமே சிப். தேடும் நேரம் அதில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த லேப்டாப்பில் ரேம் 4 ஜிபிதான். அது நிரம்பி வழியும்போது விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் இறக்கி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க் மெதுவாக இருந்தால் எல்லாமே மெது. ஆக, டிஸ்க்கை மாற்றுவது ரேம் குறைவின் வலியையும் கொஞ்சம் தணிக்கும். பிராசஸர் என்னவோ அதேதான். வீடியோ எடிட்டிங், பெரிய கேம் என்று ஆசைப்பட்டால் இந்த வைத்தியம் போதாது. மெக்கானிக் அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

சில சின்ன லேப்டாப்களில் இந்த வைத்தியத்துக்கே வழியில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 32 ஜிபி, 64 ஜிபி என்று விற்கும் மலிவு மாடல்கள் சிலவற்றில் சேமிப்பு சிப் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். கழற்ற முடியாது. இன்னும் சிலவற்றில் எம்.2 என்கிற சூயிங்கம் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.தான் பொருந்தும், அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை, ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். மாடல் எண்ணைப் பார்க்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டுப் பிறகு கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. தம்பியின் லேப்டாப்பில் வழக்கமான இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க். தொல்லை இல்லை.

“மாத்திடலாம்ணே. எவ்வளவு நேரம் ஆகும்?” என்றான் தம்பி.

“மாத்துறது அரை மணி நேரம். உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லண்ணே. சினிமா, பாட்டு, அக்காவோட பழைய நோட்ஸ்…”

கேட்டு வைப்போமே என்று மெக்கானிக் அக்காவுக்கு போன் போடச் சொன்னார். எதிர்முனையில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, “டேய், அப்பா வீடியோ எல்லாம் அதுலதான்டா இருக்கு. எதையும் தொடாதே!”

அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அவருடைய போன் முன்பே தண்ணீரில் விழுந்து போயிருந்தது. விழுவதற்குச் சில மாதம் முன்பு, போனில் இடமில்லை என்று அக்கா எல்லாவற்றையும் லேப்டாப்பில் இறக்கிவிட்டு போனைக் காலி செய்திருந்தாள். வேறு எங்கும் காப்பி இல்லை. வீட்டில் யாருக்கும் அது தோன்றவும் இல்லை. வீட்டு லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ‘இன்னொரு இடத்தில் இருக்கும்’ என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த இன்னொரு இடம் எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

மெக்கானிக் டிஸ்க்கின் உடம்பைச் சோதிக்கும் ஒரு இலவச மென்பொருளை ஓட்டினார். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் குறைகளைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். எத்தனை இடங்கள் கெட்டுப்போயின, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது எல்லாம் அதில் தெரியும். திரையில் மஞ்சள் எச்சரிக்கை. சில இடங்களைப் படிக்கவே முடியவில்லை. டிஸ்க் மெதுவாக இருந்ததற்கு வயது மட்டும் காரணமில்லை, அது போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். எஸ்.எஸ்.டி. வாங்கியதும் நேரே குளோன் போடுவார்கள். அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் அச்செடுப்பது. நல்ல டிஸ்க்காக இருந்தால் அது அருமையான வழி. விண்டோஸ், புரோகிராம், வால்பேப்பர் உட்பட வைத்தது வைத்தபடி வந்துவிடும். நோயாளி டிஸ்க்கில் குளோன் பாதியில் நிற்கும். மறுபடி ஓட்டுவார்கள், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் டிஸ்க் கெட்ட இடத்தில் முட்டி முட்டி இன்னும் பலவீனமாகும். ‘டக்… டக்…’ என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் கரன்ட்டை நிறுத்திவிட்டு, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் போவதுதான் ஒரே வழி. ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் படியும், இருப்பதும் போகும்.

“முதல்ல அப்பா வீடியோவை எடுப்போம், மத்ததெல்லாம் அப்புறம்” என்றார் மெக்கானிக்.

எங்கே இருக்கிறது என்று தேடினால், ‘அப்பா’ என்று ஒரு ஃபோல்டரும் இல்லை. ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’, ‘நியூ ஃபோல்டர் 2’-க்குள் இன்னொரு ‘நியூ ஃபோல்டர்’. அக்கா போனிலேயே வழி சொல்ல, ஒவ்வொன்றாகக் கிடைத்தது. எல்லாம் சேர்த்து 11 ஜிபி. காப்பி ஆரம்பித்தது, ஓடியது, ஒரு வீடியோவில் நின்றது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மெக்கானிக் நிறுத்திவிட்டார். டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். அது படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு அள்ளிவிடும். அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். “ராத்திரி முழுக்க ஓடும். காலையில வாங்க.”

அன்று இரவு அந்த வீட்டில் லேப்டாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா பத்து மணிக்கு மேலும் மெஷினில் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருந்தது, தைக்க வேண்டியது நிறைய என்று சொல்லிக்கொண்டார்.

காலையில் எல்லாம் வந்திருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒரு வீடியோ பாதிவரை ஓடி நின்றுவிடுகிறது.

மீதி வேலை சுலபம். 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றும், விண்டோஸ் போட ஒரு பென் டிரைவும் கொடுத்து, “வீட்ல நீயே மாட்டு தம்பி, பயப்படாத” என்று அனுப்பினார். மெக்கானிக் கூலி உட்பட 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

தம்பி லேப்டாப்பை மெத்தையில் வைத்துக் கழற்ற உட்கார்ந்தான். அம்மா விரட்டி மேஜைக்கு அனுப்பினார். ஸ்குரூ தொலையும் என்று அவர் நினைத்தார். மெத்தை, நைலான் துணி மீது வைத்தால் உடம்பில் சேரும் நிலை மின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது என்பதும் ஒரு காரணம்; தொடும் முன் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்வது நல்லது. முதலில் சார்ஜர், பிறகு பேட்டரி. பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் அதன் ஒயரைத்தான் முதலில் பிடுங்க வேண்டும்.

ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் நீளம் வேறு வேறு. நீள ஸ்குரூவைக் குட்டை இடத்தில் முடுக்கினால் மறுபக்கம் எதையாவது குத்திவிடும். தம்பிக்குக் கைகொடுத்தது பாட்டியின் பல்லாங்குழி. எந்த மூலையில் கழற்றினானோ அந்தக் குழியில் போட்டான். மூடி ஓர் இடத்தில் மட்டும் வரவே இல்லை. பலம் போட்டு நெம்பாமல் தடவிப் பார்த்ததில், ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்குரூ ஒளிந்திருந்தது. இந்த நேரத்தில் நெம்பித்தான் பல லேப்டாப்களின் மூடி உடைகிறது.

பழைய டிஸ்க்கைத் தாங்கியிருந்த தகரச் சட்டத்தை எடுத்து எஸ்.எஸ்.டி.யில் பொருத்தினான். பழைய டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் கனம், எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர். சட்டம் இல்லாமல் வைத்தால் உள்ளே ஆடும். தள்ளியதும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. இந்த ‘டக்’ நல்ல ‘டக்’.

பழைய டிஸ்க் கெட்டிருந்ததால் குளோன் இல்லை, விண்டோஸ் 10 புதிதாகவே போட்டான். லைசென்ஸுக்குத் தனிக் காசு கேட்கவில்லை. அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினால் போகாது. விண்டோஸ் 11-ஐ இந்தப் பழைய பிராசஸர் ஏற்காது. விண்டோஸ் 10-க்கோ மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை வரும். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஏற்பாட்டுக்கு மாறலாம்தான். ஆனால் டாலி விண்டோஸுக்கென்றே செய்தது. பி.காம். படிக்கிற பையனுக்கு இது நிஜமான சிக்கல், இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு டாலி மட்டும் லேப்டாப்பில், பேங்க் வேலை எதுவும் அதில் கூடாது என்று அக்கா சட்டம் போட்டிருக்கிறாள்.

டிஸ்க் அளவைப் பார்த்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம். “240-ன்னு சொல்லித்தானே குடுத்தாரு? 223-ன்னு காட்டுது. அந்தத் தம்பி ஏமாத்திட்டாரா?” யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதே துணிதான், இரண்டு டேப்பில் அளக்கிறார்கள். தையல்காரர் இதை உடனே புரிந்துகொண்டார்.

இப்போது லேப்டாப் இருபது செகண்டில் எழுந்துவிடுகிறது. டீக்கு நேரமில்லை.

அப்பாவின் 11 ஜிபி ஓசூரில் அக்காவின் லேப்டாப்பில் ஒன்று, கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. புது எஸ்.எஸ்.டி.யை மட்டும் நம்ப வேண்டாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் முனகிவிட்டுச் சாகும், எஸ்.எஸ்.டி. பல சமயம் முந்தின நாள் வரை சிரித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விடும், மீட்பதும் கடினம்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்றான் தம்பி. அதில் ஆதார் நகல், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் போட்டோ எல்லாம் இருக்கின்றன. அழித்தாலும் சாதாரண ஃபார்மட் செய்தாலும் மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும்தான் போகும், சரக்கு உள்ளேயே கிடக்கும். முழுக்க வேறு எதையாவது ஒரு முறை எழுதி நிரப்பினால்தான் போகும். இல்லையென்றால் தட்டையே உடைக்க வேண்டும். கடையில் டிஸ்க் மாற்றினாலும் பழசைக் கேட்டு வாங்கி வருவது அவசியம்.

உடைக்க அம்மா சம்மதிக்கவில்லை. பாதியில் நிற்கும் வீடியோவின் மீதி அதில்தானே இருக்கிறது என்கிறார். தம்பி விளக்கிப் பார்த்தான். மெக்கானிக்கே முயன்றும் வரவில்லை, இனி வராது என்று. அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு டிஸ்க்கை ஒரு ப்ளவுஸ் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார். மேலே ஒரு சீட்டு: ‘அப்பா. தூக்கிப் போடாதே.’